பத்லி உட்கார்ந்த வியாழக்கிழமை

தனக்கா, ஏ தனக்கா.

கூப்பிட்டால் வர மாட்டாய். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். இன்றைக்கு உனக்கு வருஷம். உன் மகள் ராணிக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, உன் பச்சைச் சேலையை மடித்து வைத்து, அதன் முன்னால் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். படம் இல்லை. உன்னை ஒரு போட்டோ கூட எடுக்காமல் விட்டுவிட்டோம்.

இரண்டு வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பல மாதிரி பேசிக்கொள்கிறீர்களாம். தில்லியில் தனத்துக்குப் புத்தி கெட்டுப்போய், தங்கச்சிக்காரி அவளுக்குப் போதை ஊசி போட்டுக் கொன்றுவிட்டாள் என்று. போன மாதம் சின்னசேலத்திலிருந்து வந்தவர் ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மேல் தப்பே இல்லை என்று சொல்வதற்காக இல்லை. தப்பு இருக்கிறது. எந்தத் தப்பு என்று சரியாகத் தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

1

நாங்கள் இருப்பது ஜங்புராவில் மதராசி கேம்ப். பக்கத்தில் பெரிய சாக்கடை ஓடுகிறது. ஆசியாட் விளையாட்டுக்காகத் தில்லி முழுக்கக் கட்டடம் எழும்பிய சமயத்தில் அக்கா புருஷன் ஏழுமலை மாமா வேலைக்கு வந்தார். பின்னாலேயே அக்கா மூன்று வயசு ராணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தனியாக இருக்கிறேன், நீயும் வா என்று எனக்கு ஆள் விட்டாள். எனக்கு அப்போது பதினாறு வயது.

மூன்றே மாதத்தில் அக்கா இந்தி பேசினாள். யாரும் சொல்லித் தரவில்லை. காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டுப் போட்டே கற்றுக்கொண்டாள். "பையா, இது தராசா, ஊஞ்சலா?" என்று அவள் இந்தியில் கேட்டால் அவனே சிரித்துவிட்டு இரண்டு தக்காளி கூடப் போடுவான். எனக்கு அந்த மொழி இன்றைக்கும் வரவில்லை. ஆம்பளை பேசுவது மாதிரி நான் பேசிவிடுவேன், வேலை செய்கிற வீட்டம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அக்கா முன்னால் போவாள், நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். "நீ வாயத் தொறக்காத. தொறந்தன்னா சுத்த வுட்டுடுவானுங்க" என்பாள்.

இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்குப் பத்லி என்று பேர். எனக்குக் காய்ச்சல் என்றால் நான் வேலை செய்கிற வீட்டுக்குப் பக்கத்துக் குடிசைக்காரி போவாள். அவள் ஊருக்குப் போனால் அவள் வீட்டுக்கு நான் போவேன். வீட்டம்மாவுக்குப் பாத்திரம் துலங்கினால் போதும், எந்தக் கை துலக்கியது என்று கேட்க மாட்டாள். பத்லியாகப் போகிறவள் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வர வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது, சொந்த யோசனை சொல்லக் கூடாது. அவள் வாய் நீட்டினால் வேலைக்கு உரியவளுக்குத்தான் வேலை போகும். எங்கள் கேம்ப்பில் பெண்கள் பிழைப்பதே இந்தப் பத்லியால்தான்.

விளையாட்டு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது ஏழுமலை மாமா சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். காண்ட்ராக்டர் ஆள்களின் பேர் எழுதுகிற புத்தகத்தைக் காட்டி, இந்தப் பேரில் எங்களிடம் யாரும் வேலை செய்யவில்லை என்றான். அக்கா விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். "என் புருஷன் அங்க வேல செஞ்சாருன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு, வேற ஒண்ணும் வேணாம்" என்று இந்தியில் கேட்டுக் கேட்டு அவள் தொண்டையே மாறிப்போனது. கடைசியாக ஒரு நாள் மத்தியானம் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "அவரு அங்க இல்லவே இல்லியாம்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

2

ஏழு மாதம். நான் நாள் எண்ணியிருக்கிறேன். ஊட்டினால் வாயைத் திறப்பாள். நிறுத்தினால் மூடிக்கொள்வாள். குளிக்க வைத்தால் நிற்பாள். ராணி மடியில் போய்ப் படுத்தால் அக்காவின் கை அப்படியே தரையில் கிடக்கும், பிள்ளை தலைக்கு வராது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, காட்ட ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. மாத்திரையில் அக்காவுக்கு வாய் உலர்ந்து எச்சில் நூலாக இழுத்தது. அப்புறம் தலையில் கரண்ட் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அதிலேயே நன்றாகி வீட்டுக்குப் போனாள், பொய் சொல்லக் கூடாது. அக்காவுக்கு அந்த வைத்தியம் கேட்கவில்லை. டாக்டர் என்னிடம் ஏதேதோ இந்தியில் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் "ஜீ" என்பேன். எதற்கு ஜீ சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்கு அக்காதான் வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ராணி அந்த மாதங்களில்தான் எங்கள் கையை விட்டுப் போனாள். அம்மா பேசாத வீட்டில் பிள்ளை என்ன செய்யும்? தெருவிலேயே கிடந்தது. தெருவில் முழுக்க இந்தி. என்னைச் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் மௌசி என்று கூப்பிட ஆரம்பித்தாள். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். ஒரு நாள் சோறு பிசையும்போது, "மௌசி, அம்மாவோட ஆவாஜ் எனக்கு யாத் இல்ல" என்றாள். அம்மா குரல் ஞாபகம் இல்லையாம். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவின் குரல். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி.

3

நான் அப்போது கரோல் பாக்கில் ஒரு டாக்டரம்மா வேலை பார்க்கிற கிளினிக்கைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்க் குடும்பம். அவர்கள் அப்பா காலத்திலேயே மத்திய சர்க்கார் வேலைக்கு வந்தவர்கள். மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற டாக்டர். பேசிக்கொண்டே இருப்பார், எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்றில்லை, நான் துடைப்பத்தோடு நின்றால் போதும்.

அவர் வயசுக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். அங்கே எல்.எஸ்.டி என்று ஒரு மருந்து. சுவிட்சர்லாந்து கம்பெனி ஒன்று அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும்.

"மொதல்ல அத எதுக்குக் குடுத்தா தெரியுமோ? டாக்டர்களே சாப்ட்டுப் பாக்கட்டும்னு. பைத்தியம்னா உள்ள எப்படி இருக்கும்னு அரை நாளாவது தெரியட்டும்னு."

"நீங்க சாப்ட்டீங்களாம்மா?"

"சாப்ட்டேனே. ஜன்னல் திரைல இருந்த பூவெல்லாம் மூச்சு விட்டுது. எங்கம்மாவ நெனச்சுண்டு ஒரு மணி நேரம் அழுதேன். அப்புறம் நன்னாப் பசிச்சுது."

பிறகு குடிகாரர்களுக்கும், துக்கத்தை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டவர்களுக்கும் அதைக் கொடுத்தார்களாம். தனி அறை, ஜன்னலுக்குத் திரை, பாட்டுப் பெட்டி. காலையில் மருந்து, சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் ஒரு நர்ஸ். வருஷக்கணக்காகப் பேசாமல் கிடந்த ஒரு பெண்பிள்ளை அங்கே எழுந்து உட்கார்ந்து, "டீ இல்லையா?" என்று கேட்டாளாம். டாக்டரம்மா அதைச் சொன்னபோது என் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"அந்த மருந்து எங்கம்மா கெடைக்கும்?"

"கெடைக்காது. எல்லாம் நிறுத்தியாச்சு."

"நல்லா ஆகுதுன்னா ஏன் நிறுத்தறாங்க?"

"எல்லாருக்கும் ஆச்சா? சில பேருக்கு இன்னும் மோசமாப் போச்சு. சில டாக்டர்கள் நோயாளிகிட்ட சொல்லாமலே குடுத்தா. கட்டிப்போட்டுக்கூடக் குடுத்தா. அந்தப் பாவத்தையும் சொல்லணுமே. அதுக்குள்ள வெளில காலேஜ் பசங்க வாங்கிச் சாப்ட ஆரம்பிச்சா. பேப்பர்ல ஒரே கலாட்டா. கம்பெனி கைய விரிச்சுடுத்து, சட்டம் வந்துது. ஒரு நாள் காலம்பற போனா அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருக்கு. எதனால நன்னாச்சு, எதனால கெட்டுதுன்னு யாரும் உக்காந்து பாக்கல. அப்படியே மூடிட்டா."

எனக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் நின்றது. டீ கேட்டாளாம்.

இனிமேல் எழுதப்போவதற்கு வெட்கப்படுகிறேன். எங்கள் பக்கத்துக் குடிசைச் சரோஜா பஹாட்கஞ்ச்சில் ஒரு லாட்ஜ் கூட்டுகிறாள். அங்கே தங்குகிற வெள்ளைக்காரப் பசங்கள் அதே மருந்தில் தாளை நனைத்துத் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்று வாங்கி வா என்றேன். அவளும் எனக்காக வாங்கி வந்தாள், நகம் அளவுக்கு ஒரு துண்டு. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து, கிளினிக்குக்கு எடுத்துப்போய், "இதுதானாம்மா அது?" என்று டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. தீப்பெட்டியைப் பிடுங்கிக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். "இதுல என்ன இருக்குன்னு யாருக்குடீ தெரியும்? ஆத்துல வெச்சுக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? கொன்னுட்டுப் போயிருப்பே அவள!"

"அவ ஏற்கெனவே செத்தவ மாதிரிதாம்மா கெடக்கறா" என்று நானும் கத்தினேன். நான் கத்தி அவர் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "கூட்டிண்டு வா" என்றார்.

4

அக்காவுக்குப் போட்டது எல்.எஸ்.டி இல்லை. இதை ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்கத்துக்குப் போடுகிற ஊசி. சட்டத்தில் தடை இல்லாதது. அதையே குறைவாகப் போட்டால் பழைய மருந்து மாதிரி மனசு கொஞ்ச நேரம் திறக்கும் என்று வேறு சில நாட்டு டாக்டர்கள் செய்து பார்க்கிறார்களாம். மயக்க டாக்டர் ஒருத்தர் வியாழக்கிழமைகளில் வந்து ஊசி போட்டு, நாடி பார்த்துவிட்டுப் போவார். "குணமாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். தெரியாது" என்றார் டாக்டரம்மா. சம்மதத் தாளில் கைரேகை வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று நான் போட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். "மருந்து பாதிதான் அஞ்சலை. கூட ஒருத்தி உக்காரணும். ஒண்ணும் கேக்க வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையப் பிடிச்சுண்டு இருந்தாப் போதும். முழுசாத் தெளியற வரைக்கும் ஒரே ஆள். நடுவுல ஆள் மாறப்படாது."

முதல் வியாழக்கிழமை. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண் திறந்தபடியே நின்றது. கருவிழி மட்டும் இப்படியும் அப்படியும் ஓடியது. என்னைத் தாண்டி எதையோ பார்த்தாள். திடீரென்று என் கையை நசுக்கினாள். "எறங்கு. எறங்குய்யா. மேல ஏறாத." ஏழு மாதத்துக்கு அப்புறம் என் அக்கா குரல். ஏழுமலை மாமாவிடம் பேசுகிறாள் என்று புரிந்தது. சத்தம் போட்டால் போய்விடுமோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடி பேச்சு இல்லை. ஆனால் அன்றைக்கு அவளே சோற்றைப் பிசைந்து தின்றாள்.

இரண்டாவது வியாழக்கிழமை சிரித்தாள். தெளிந்து வரும்போது டாக்டரம்மாவைப் பார்த்து, "ஒரு பெரிய பொஸ்தகம் இருந்திச்சு" என்றாள்.

"என்ன பொஸ்தகம்மா?"

"எல்லார் பேரும் எழுதற பொஸ்தகம். அவரு பேரு இருந்திச்சு. நான் படிச்சன்."

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்து தெரியாது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, "ஏண்டி இப்பிடி எளச்சிப் போயிட்ட? ராணிக்குத் தல வாரி வுட்டியா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கேம்ப்புக்கு வந்ததும் ராணி ஓடிவந்து நின்றது. கிட்டே போகவில்லை, பயம். அக்கா அதன் தலையைத் தடவி, "பேனா?" என்றாள். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்க்க அன்றைக்கு இரண்டு குடிசை தள்ளி இருந்தவர்கள் கூட வந்தார்கள். சரோஜா, "பாத்தியா, ஒங்கக்கா வந்ததும் மொத வேலயே பேன் பாக்கறதுதான்" என்று கத்தினாள்.

அப்புறம் வந்த நாள்களில் தினமும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. நான் நிலத்தில் நடக்கவில்லை. இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

5

அந்த மூன்றாவது வியாழக்கிழமையேதான் எங்கள் கேம்ப்பின் ரேஷன் கார்டு புதுப்பிக்கிற நாளும். பழைய கார்டை அன்றைக்குள் காட்டாவிட்டால் ரத்து. இந்த ஊரில் நாம் இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே காகிதம் அந்தக் கார்டுதான். அது இல்லாமல் குடிசையை இடிக்க வந்தால் கேட்க நாதி இல்லை. காண்ட்ராக்டரின் புத்தகத்தில் மாமா பேர் இல்லாமல் போனதை ஒரு தடவை பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை தாங்க முடியாது என்று நினைத்தேன். கார்டில் குடும்பத் தலைவி அக்கா. அவள் வர முடியாவிட்டால் கார்டில் பேர் இருக்கிற இன்னொரு பெரிய ஆள் நேரில் வர வேண்டும். அது நான்தான். ஆபீசில் பத்லி செல்லாது.

மயக்க டாக்டர் அந்த வியாழக்கிழமையை விட்டால் அப்புறம் ஒரு மாதம் வெளியூர். அக்கா ஒரு மாதத்தில் பழையபடி போய்விட்டால்?

அப்போது என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. ஆபீசில் பத்லி செல்லாது. கிளினிக்கில் செல்லும். நடுவில்தானே ஆள் மாறக் கூடாது என்றார்? ஆரம்பத்திலிருந்தே சரோஜா உட்கார்ந்தால் நடுவில் மாறாதே. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருகிற வேலை. பாத்திரம் துலக்குவதை விட லேசு.

டாக்டரம்மாவிடம், "சரோஜா ஒக்காரட்டுமாம்மா? அக்காவுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்" என்றேன். வெளியில் ஆள்கள் காத்திருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டே, "தெரிஞ்சவளா? அச்சா, சரி" என்றார். நிமிர்ந்து பார்த்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாரோ என்று நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவரும் அதையே நினைத்துக்கொள்கிறாராம்.

சரோஜாவிடம் சொன்னேன்: "கைய மட்டும் புடிச்சிக்க. பேசாத. அவ என்னா சொன்னாலும் சரின்னு சொல்லு."

இந்தக் கடைசி வார்த்தை என்னுடையது. டாக்டரம்மா சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் பத்லி அனுப்பும்போது நாங்கள் எப்போதும் சொல்கிற வார்த்தை. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

ஆபீசில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என் முறை வந்ததும் கிளார்க், தனம் யார், எங்கே என்று கேட்டான். என் இந்தியில் சொன்னேன். அவன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். "மதராசி, போல் நா, ஜல்தி போல்" என்று சீக்கிரம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினான். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, சிவப்பு மையால் அக்கா பேரை அடித்தான். மேலே என் பேரை எழுதி முத்திரை குத்தினான். உடம்பு சரியில்லாத ஆள் எதற்குத் தலைவி என்று அவனாகவே செய்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இருந்தாலும் கார்டு கைக்கு வந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். அக்காவிடம் காட்டி, "பாரு, நீ இல்லாமலே முடிச்சிட்டன்" என்று சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

கிளினிக் தெருவில் கூட்டம். சரோஜா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணு தொறந்தாங்க. என் மூஞ்சியவே பாத்தாங்க. 'அஞ்சல எங்க?'ன்னாங்க. ரேஷன் ஆபீசுக்குப் போயிருக்கான்னன். 'தனியாவா? அவளுக்கு இந்தி வராதடி, சுத்த வுட்டுடுவானுங்க, அழுவாடி அவ'ன்னு எழுந்துட்டாங்க. படுங்கக்கான்னன். 'கைய வுடு'ன்னாங்க. அவ்ளோ தெளிவாச் சொன்னாங்க அஞ்சல, நல்லா இருந்தப்ப பேசற மாதிரியே சொன்னாங்க. என்னா சொன்னாலும் சரின்னு சொல்லுன்ன. வுட்டுட்டன்."

டாக்டரம்மா அடுத்த அறையில் வேறு ஆளோடு இருந்தார். அக்கா செருப்புப் போடாமல் படி இறங்கியிருக்கிறாள். பேச்சு தெளிந்திருந்தது, காலும் கண்ணும் தெளியவில்லை. ரோட்டைக் கடக்கும்போது பஸ் அடித்துவிட்டது.

இதுதான் நடந்தது. அவள் புத்தி கெட்டுப்போய் ஓடவில்லை. சாக ஓடவில்லை. ஊசியில் சாகவில்லை. புத்தி திரும்பி வந்து, வந்தவுடனே தங்கச்சி ஞாபகம் வந்து, என்னைத் தேடிக்கொண்டு போனாள்.

6

போலீஸ்காரர் எழுதும்போது, "பாகல் தீ க்யா?" என்று கேட்டார். பைத்தியமா என்று. இல்லை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. ராணிதான் முன்னால் போனாள். எட்டு வயசு. "மேரி மா டீக் ஹோ கயீ தீ" என்றாள். எங்கம்மா நல்லா ஆயிட்டா என்று. போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு குனிந்து என்னவோ எழுதினார். அதை எழுதினாரா, வேறு எழுதினாரா, இன்றைக்கும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனேன். கிளினிக்கை நடத்துகிறவர்கள் இந்த ஊசி வைத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மிச்சக் குப்பிகளைத் திருப்பி அனுப்பியாயிற்று. அவரும் பாதி ஆளாகப் போயிருந்தார். அக்காவைப் பற்றி எழுதின நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். தேதி, நாடி, எவ்வளவு மருந்து, எத்தனை நிமிஷம், என்ன பேசினாள். மூன்றாவது தடவைக்கு, 'தெளிவதற்கு முன் வெளியேறினார்' என்று இருந்தது.

"பக்கத்துல யாரு இருந்தான்னு எங்கம்மா எழுதியிருக்கு?"

"அதுக்கு எடமே இல்ல அஞ்சலை."

"இங்கிலாந்துலயும் எழுத மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கயும் இல்ல. மருந்துக்கு எடம் இருந்துது. அந்த நர்சுகள் பேர் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. எது குணமாக்கித்துன்னு நாங்க கடைசி வரைக்கும் மருந்தையே பாத்துண்டிருந்தோம்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரோஜா மேலும் இல்லை. அவள் ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, தண்ணீர் பிடிக்க நான் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நீ பத்லி வேலையைச் சரியாகத்தான் செய்தாய். பத்லி அனுப்ப முடியாத இடத்துக்கு அனுப்பினது நான். கையைப் பிடிக்கிற வேலையையும் பாத்திரம் துலக்குகிற வேலையையும் ஒன்றாக நினைத்தவள் நான்.

புத்தி சரியில்லாதவர்களை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். இந்த மருந்து நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கே தெரியவில்லை, பாதியில் மூடிவிட்டார்கள். என் அக்கா இரண்டு வியாழக்கிழமை பேசினாள், அது மட்டும் தெரியும். யாரும் என்னை மாதிரி தெருவில் விற்கிற தாளைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் ஆள் கண் திறக்கிற நேரத்தில் எந்தக் கார்டு போனாலும் போகட்டும், எழுந்திருக்காதீர்கள்.

எனக்கு ராத்திரி பகல் என்று இல்லை, ஒரே நினைப்புத்தான். அவள் என்னைத் தேடித்தான் போனாள். கண்டுபிடிக்கவில்லை. செத்தவர்களுக்கு மனசில் கடைசியாக இருந்தது கூடவே போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அப்படியானால் இன்னும் அவள் ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில், செருப்பு இல்லாமல், என்னைக் காணோமே என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறாளா? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைப் படிக்கிற எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே, எங்கேயும் போகாதவர்கள் அடுப்படியில் நின்றாவது, சின்னசேலம் தனத்துக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அஞ்சலை வீடு வந்து சேர்ந்துவிட்டாள், நீ தேடினது போதும், உட்கார் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், என் ஒருத்தி குரல் அவளுக்கு எட்டவில்லை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள்.